புள்ளியும் பொத்தானும்: சென்னை நகலகங்களும் பயனர் மைய வடிவமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நகல் இயந்திரம், வருடி போன்ற அலுவலகக் கருவிகளை அவற்றைப் பயன்படுத்துவோரின் வேலையிலிருந்து தொடங்கி வடிவமைக்க வேண்டும் என்னும் கொள்கை 1980களில் உருப்பெற்றது. அக்கொள்கை கருத்தில் கொண்ட பயனர், இயந்திரத்தின் முன் தனியே நிற்கும் அலுவலக ஊழியர். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் தாளைக் கொண்டுவருபவர் ஒருவர். இயந்திரத்தை இயக்குபவர் வேறொருவர். நகலாகும் எழுத்தும் பெரும்பாலும் தமிழ். இவ்விரு வேறுபாடுகளும் வடிவமைப்புக் கொள்கையை எவ்வாறு மாற்றியமைக்கக் கோருகின்றன என்பதையும், முன்னமைவுகள் கவனிக்கப்படாதபோது தமிழ்ப் பாடத்துக்கு நேரக்கூடிய இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: பயனர் மைய வடிவமைப்பு, ஒளிநகல், மின்வருடல், நகலகம், மெய்ப்புள்ளி, பாடநம்பகம்

முன்னுரை

தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையமும், அடையாற்றில் 1886இல் தொடங்கப்பெற்ற பிரம்மஞான சபை நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் அமைந்திருப்பதால், தென்சென்னை தமிழாய்வாளர்கள் அடிக்கடி வந்துசெல்லும் பகுதியாக உள்ளது. வருபவர்கள் திரும்பும்போது கையில் எடுத்துச் செல்வது நூலை அன்று, நகலை. முதற்பதிப்பைக் கண்ணால் கண்டு, அதன் நகலை மேசையில் வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவதே நடைமுறை. எனவே ஆய்வேட்டின் மேற்கோள் பிழையற்றதாக இருப்பது, நூலின் நம்பகத்தோடு நகலின் நம்பகத்தையும் சார்ந்தது.

பதிப்பாசிரியரின் பிழையையும் அச்சுக்கோப்பவரின் பிழையையும் தமிழ்ப் பாடவியல் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஏடெழுதியவரின் பிழைக்குத் தனிப் பெயர்களே உண்டு. நகல் இயந்திரமும் ஓர் எழுத்தரே. ஆயினும் அதன் வழக்கங்கள் ஆராயப்படுவதில்லை. அது பார்த்ததை அப்படியே தரும் கண்ணாடி என்று கருதப்படுவதே இதற்குக் காரணம் எனலாம். அக்கருத்து ஒரு காலத்தில் ஏறத்தாழச் சரியாக இருந்தது, இன்று சரியன்று.

ஒளியிலிருந்து கணக்கீட்டுக்கு

உலர்நகல் முறையே ஒரு பயனரின் தேவையிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றியவர். காப்புரிமை ஆவணங்களுக்குப் படிகள் போதாமல், கையால் படியெடுத்துச் சலித்தவர். கிட்டப்பார்வையும் மூட்டுவலியும் அச்சலிப்பை மிகுவித்தன. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் அவர் முதல் உலர்நகலை எடுத்த நாள் 1938 அக்டோபர் 22. அது பெரும் வணிக வெற்றி பெற இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1959இல் அறிமுகமான ஜெராக்ஸ் 914 என்னும் இயந்திரம், 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரையிலான தாளை நகலெடுத்ததால் அவ்வெண்ணைப் பெயராகப் பெற்றது. எடை ஏறத்தாழ 295 கிலோகிராம். தாள் தீப்பற்றும் வாய்ப்பு இருந்தமையால் அதனுடன் தீயணைப்பான் ஒன்றும் வழங்கப்பட்டது.

இந்தியாவில் மோடி ஜெராக்ஸ் நிறுவனம் 1983இல் தோன்றியது. அதற்கு முன்பு தட்டச்சுக் கார்பன் படியும் சைக்ளோஸ்டைலும் ஃபோட்டோஸ்டாட்டுமே வழக்கில் இருந்தன. நிறுவனத்தின் பெயர் விரைவில் செயலின் பெயராயிற்று. எந்த நிறுவனத்தின் இயந்திரமாயினும் அதில் எடுப்பது ஜெராக்ஸ்தான். ஒளிநகல், படிப்பெருக்கி முதலிய கலைச்சொற்கள் உருவாக்கப்பட்டபோதிலும், கடைப்பலகையில் இடம்பிடித்த தமிழ்ச்சொல் நகலகம் என்பதே. இச்சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறிக்கிறது. கீழே கூறப்படும் வாதத்துக்கு இது பொருத்தமானதே.

பழைய இயந்திரத்தில் ஒளி மூலத்தாளின் மீது விழுந்து, பிரதிபலித்து, மின்னூட்டம் பெற்ற டிரம்மைச் சென்று அடைந்தது. ஒளிபட்ட இடத்தில் மின்னூட்டம் நீங்கியது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் எஞ்சியது. எஞ்சிய இடத்தில் டோனர் ஒட்டி, தாளுக்கு மாறி, வெப்ப உருளையால் உருகிப் பதிந்தது. இம்முறையில் நகல் மங்கலாம், கறுக்கலாம். ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாற வழியில்லை. 1990களில் பரவத் தொடங்கிய எண்முறை இயந்திரம் அடிப்படையிலேயே வேறானது. அது முதலில் வருடுகிறது, பின்னர் ஒவ்வொரு படப்புள்ளியும் கறுப்பா வெளுப்பா என்று முடிவுசெய்கிறது, தேவையற்றவை எனத் தான் கருதுபவற்றை நீக்குகிறது, சுருக்குகிறது, அதன் பின்னரே அச்சிடுகிறது அல்லது கோப்பாக அனுப்புகிறது. நகலெடுத்தல், வருடுதல், அச்சிடுதல், தொலைநகல் ஆகிய நான்கும் ஒரே உடலில் சேர்ந்ததன் விலை இது. வசதிகள் பெருகின, அவ்வசதிகளை ஆளும் தேர்வுகள் தொடுதிரையின் உள்ளடுக்குகளில் மறைந்தன.

பச்சைப் பொத்தானின் கதை

சிக்கலான நகல் இயந்திரமே பயனர் மைய வடிவமைப்பின் முதன்மையான ஆய்வுக்களங்களுள் ஒன்றாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனம் 8200 என்னும் பெரிய இயந்திரத்தை வெளியிட்டது. ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்னும் எளிமையை விளம்பரம் முன்வைத்தது. வாங்கியவர்களோ இயந்திரம் மிகச் சிக்கலானது என்று முறையிட்டனர். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அந்நிறுவனம் நடத்திய ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சச்மன், அம்முறையீட்டை ஆராய எடுத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட முறை எளியது. இயந்திரத்தை முன்பு பயன்படுத்தாத இருவரை ஒன்றாக நிறுத்தி, ஒரு வேலையைக் கொடுத்து, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை ஒளிப்பதிவு செய்தார். தனியாள் மனத்துக்குள் நினைப்பது இருவர் சேரும்போது பேச்சாக வெளிப்படும். கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலன் நியூவெல், கணினி மொழியியலாளர் ரான் கேப்லன் ஆகிய இருவரும் அவ்வியந்திரத்தின் முன் தடுமாறும் ஒளிப்பதிவு பின்னர்ப் பெயர்பெற்றது. தடுமாற்றத்துக்குக் காரணம் அறிவுக்குறை என்று இனிச் சொல்ல இயலாது.

சச்மன் தம் பதிவுகளை நான்கு பத்திகளாகப் பகுத்து எழுதினார்: பயனர் செய்வனவற்றில் இயந்திரத்துக்குத் தெரியாதவை, தெரிபவை, இயந்திரம் பயனருக்குக் காட்டுபவை, அவற்றின் பின்னுள்ள வடிவமைப்பு நோக்கம். மூடி திறந்ததும் பொத்தான் அழுத்தப்பட்டதும் மட்டுமே இயந்திரத்துக்குத் தெரிகின்றன. பயனர் குழம்புவது, மூலத்தாளைத் திருப்பிப் பார்ப்பது, அடுத்தவரிடம் கேட்பது ஆகியவை அதற்குப் புலப்படுவதில்லை. கட்டிய நூலிலிருந்து இருபக்க நகல் எடுக்கும் வேலையில் இது தெளிவாக வெளிப்பட்டது. இயந்திரத்தின் திட்டப்படி, முதலில் நூலிலிருந்து தனித்தாள்களாக ஒரு மூலப்படி எடுக்க வேண்டும். அதைத் தானியங்கித் தட்டில் இட்டுப் பின்னரே வேண்டிய படிகளைப் பெற வேண்டும். பயனர்களோ முதலில் வந்த தாளையே முடிந்த நகல் என்று கொண்டனர். 1987இல் வெளியான அவருடைய நூலின் மையக் கருத்து இதுவே: மனிதர் திட்டத்தை நிறைவேற்றுபவர் அல்லர்; சூழ்நிலையைப் பார்த்து அவ்வப்போது செயற்படுபவர்; திட்டம் அவருக்கு ஒரு துணை மட்டுமே.

இதே காலத்தில் கூல்டும் லூயிஸும் 1985இல் மூன்று கொள்கைகளை முன்வைத்தனர்: தொடக்கத்திலிருந்தே பயனர்மீது கவனம், செயலை அளந்து மதிப்பிடுதல், திரும்பத் திரும்பத் திருத்துதல். 1986இல் டொனால்டு நார்மனும் ஸ்டீபன் டிரேப்பரும் பதிப்பித்த தொகுப்பு இத்துறைக்குப் பெயரைத் தந்தது. பின்னர் 1999இல் ஐ.எஸ்.ஓ. 13407 எனவும், 2010 முதல் ஐ.எஸ்.ஓ. 9241-210 எனவும் இது பன்னாட்டுத் தரமாயிற்று. பயன்பாட்டுச் சூழலை அறிதல், தேவைகளை வரையறுத்தல், தீர்வுகளை ஆக்கல், மதிப்பிடல் என்பன அத்தரம் கூறும் செயல்கள். இவற்றுள் முதற்செயலே எஞ்சியவற்றைத் தீர்மானிக்கிறது. சூழல் பிழையாக அறியப்பட்டால் பின்வரும் மூன்றும் செம்மையாகச் செய்யப்பட்டும் பயனில்லை.

நகலகத்தில் பயனர் யார்?

மயிலாப்பூரில் லஸ் முனை, கச்சேரி சாலை, மாட வீதிகளை ஒட்டிய தெருக்கள். தியாகராய நகரில் பாண்டி பஜாரின் குறுக்குத் தெருக்கள். அடையாற்றில் கல்வி நிறுவனங்களுக்குச் செல்லும் சாலைகள் ஆகிய இடங்களில் நகலகம் என்பது பெரும்பாலும் ஒரே அறை. பல இடங்களில் அதுவும் இல்லை. இயந்திரம் வாசலை ஒட்டி நிற்கும். வாடிக்கையாளர் படியின் கீழ் நிற்பார். அவர் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. ஆதார் அட்டையை நீட்டி, முன்னும் பின்னும் ஒரே தாளில் இரண்டு என்கிறார். பத்திரத்தை நீட்டி, ஓரம் வெட்டுப்படாமல் வேண்டும் என்கிறார். மங்கிய குறிப்பேட்டைக் கொடுத்து, கொஞ்சம் டார்க்காக எடுங்கள் என்கிறார். இவ்வேண்டுகோள்கள் எவையும் இயந்திரத்தின் மொழியில் அமைந்தவை அல்ல. அவற்றை அம்மொழிக்கு மாற்றுபவர் இயக்குநர்.

இங்குப் பயனர் ஒருவர் அல்லர், இருவர். நோக்கம் ஒருவரிடமும் கை மற்றொருவரிடமும் உள்ளன. வடிவமைப்பு நூல்கள் இயக்குநரை இடையாள் என்று ஒதுக்கிவிடக்கூடும். சச்மனின் நான்கு பத்திகளைக் கொண்டு நோக்கினால் அது தவறு என்பது விளங்கும். இயந்திரத்துக்குத் தெரியாத முதற்பத்தி முழுவதும் நகலகத்தில் இயக்குநருக்குத் தெரிகிறது: வாடிக்கையாளரின் அவசரம், தாளின் நிலை, நகல் செல்லவிருக்கும் அலுவலகம் எல்லாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு என்றால் லீகல் அளவுத் தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு என்றால் ஏ4. இதை அவர் கேட்காமலேயே செய்கிறார். பாலோ ஆல்டோவில் உதவித்திரையாக அமைக்க முயன்றதை மயிலாப்பூரில் ஒரு மனிதர் ஆற்றிவருகிறார் என்றால் மிகையாகாது.

அட்டையின் இருபக்கங்களையும் ஒரே தாளில் எடுக்கும் வேலை இதற்குச் சான்று. அட்டையை ஒரு முறை வைத்து நகலெடுத்து, திருப்பி இடம் மாற்றி வைத்து, அதே தாளை மீண்டும் தட்டில் இட்டு எடுப்பது இயக்குநர்களின் பழைய உத்தி. பின்னர் வந்த இயந்திரங்களில் இதற்கெனவே அடையாள அட்டை நகல் என்னும் தனித்தேர்வு அமைக்கப்பட்டது. களத்தில் கைவழக்கமாக உள்ளதைக் கண்டறிந்து பொத்தானாக்குவதே பயனர் மைய வடிவமைப்பின் நோக்கம். எனினும் அனைத்து வழக்கங்களும் இவ்வாறு கவனிக்கப்படவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாள் ஈரம் இழுத்து வளைந்து உள்ளே சிக்கும். தாள்கட்டை விசிறிக் காற்றோட்டம் கொடுத்துத் தட்டில் இடுவது, பிரித்த கட்டை இரவில் மூடி வைப்பது ஆகியவை கையேட்டைக் காட்டிலும் தொழில் கற்றவரிடமிருந்தே பரவுகின்றன.

பழுது நீக்குபவர்களுக்கும் இது பொருந்தும். அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலியன் ஆர், நகல் இயந்திரப் பழுதுநீக்குநர்களுடன் களப்பணி செய்து 1996இல் வெளியிட்ட நூலில், அவர்கள் பழுதுகளைக் கதைகளாகப் பகிர்ந்துகொள்வதையும், கையேடு தராத அறிவு அக்கதைகளில் சேமிக்கப்படுவதையும் எடுத்துக்காட்டினார். சென்னையில் பழைய இயந்திரங்களைப் புதுப்பித்து விற்கும் தொழிலில் உள்ளவர்களின் அறிவும் இத்தகையதே. திரையில் தோன்றும் பிழைக்குறி பெரும்பாலும் சில எழுத்துகளும் எண்களும் மட்டுமே. அது நிறுவனத்தின் பொறியாளருக்கு எழுதப்பட்ட செய்தி; வாடிக்கையாளர் காத்திருக்க, கடையில் நிற்பவருக்கு எழுதப்பட்டதன்று.

திரையின் மொழி ஆங்கிலம். இயக்குநர் அதைப் படிப்பதில்லை. இடத்தைக் கொண்டு அறிகிறார். அடர்வு இடப்பக்கம், தாளளவு வலப்பக்கம், இருபுறம் அதன் கீழ் என்பது அவருடைய நிலப்படம். புதிய மாதிரி வரும்போது அவர் இழப்பது இந்த நிலப்படத்தை. திரையைத் தமிழாக்கினால் போதும் என்போர் இதைக் கருத வேண்டும். நல்ல தமிழாக்கம் தேவையே. ஆயினும், நிலையான இடம் இல்லாத தமிழ்ப் பொத்தானைவிட, என்றும் மாறாத இடத்தில் உள்ள ஆங்கிலப் பொத்தான் அவருக்கு உதவும். இரண்டையும் தருவது கடினமன்று.

மெய்ப்புள்ளியின் இழப்பு

நகலாகும் எழுத்து தமிழாக இருப்பது இரண்டாவது வேறுபாடு. எண்முறை இயந்திரங்களில் பின்னணி நீக்கம், துகள் நீக்கம் என்னும் தேர்வுகள் உண்டு. சில அமைப்புகளில் இவை முன்னமைவாகவே இயங்குகின்றன. மஞ்சள் படிந்த தாளின் நிறத்தையும், தனித்து நிற்கும் சிறு கறைகளையும் நீக்குவது இவற்றின் வேலை. எழுத்தின் உடலோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு புள்ளியைக் கறை என்று கருதுவது உரோமன் எழுத்துக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. அங்கு அத்தகைய புள்ளி இரண்டு சிற்றெழுத்துகளின் தலையிலும் நிறுத்தக்குறிகளிலும் மட்டுமே வரும். தமிழில் மெய்யெழுத்து ஒவ்வொன்றின் தலையிலும் வருகிறது.

சிறிய அச்சில் மெய்ப்புள்ளியின் விட்டம் 0.4 மில்லிமீட்டர் என்று கொண்டால், அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்னும் அளவில் வருடும்போது அதற்குக் குறுக்கே ஏறத்தாழ 5 படப்புள்ளிகள் கிடைக்கும். 200 அளவில் 3. 150 அளவில் 2. மின்னஞ்சலில் அனுப்பக் கோப்பு சிறிதாக வேண்டும் என்று அளவைக் குறைத்து, துகள் நீக்கத்தையும் இயக்கினால், புள்ளி தப்பிப்பது தற்செயலே. அப்போது கல்வி கலவியாகிறது, பல் பலவாகிறது. உரைநடையில் வாசகர் இதைச் சூழலால் திருத்திக்கொள்வார். செய்யுளில் ஓரிடத்தில் புள்ளி போனால் அசை மாறும், தளை மாறும். பாடவேறுபாடு என்று எண்ணத்தக்க ஒன்று நகலிலிருந்தே பிறக்கும். எழுத்துணரி மென்பொருளுக்குத் திருத்திக்கொள்ளும் சூழலும் குறைவு.

தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி கூறியிருந்தும், ஓலைச்சுவடிகளில் அது பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணி ஓலையைத் துளைக்கும் என்னும் அச்சமே காரணம் என்று கூறுவர். எகர ஒகரங்களின் குறில்நெடில் வேறுபாடும் சுவடிகளில் தெளிவாக இல்லை. அதை வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம் தெளிவாக்கியது. உ.வே. சாமிநாதையர் உள்ளிட்ட பதிப்பாசிரியர்கள் புள்ளியற்ற ஏட்டிலிருந்து புள்ளியுள்ள அச்சுக்குப் பாடத்தைக் கொண்டுவந்தனர். அவ்வுழைப்பின் பயனான முதற்பதிப்பை இன்று ஒரு முன்னமைவு மீண்டும் புள்ளியற்ற ஏடாக்கிவிடக்கூடும் என்பது வேடிக்கையன்று.

தமிழ்ப் பயனரை மையமாகக் கொண்டு புள்ளியைக் கையாண்ட வடிவமைப்புக்கு நல்ல முன்னுதாரணம் சென்னையிலேயே உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, உயிர்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகிர்ந்தது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலெழுத்துக்குத் தானே புள்ளி இட்டது. ந-த, ங்-க போன்ற இனவெழுத்து இணைகளுக்கும் அவ்வாறே செய்தது. தமிழில் புள்ளி எங்கு வரும் என்பதை அறிந்து அமைந்த கருவி அது. வருடியின் துகள் நீக்கத்துக்கு இத்தகைய அறிவு ஊட்டப்படவில்லை.

எண் மாறிய வருடல்

இழப்பைவிடக் கொடியது மாற்றம். 2013 ஜூலையில் ஜெர்மனியில் ஒரு நிறுவனம் கட்டட வரைபடம் ஒன்றை வருடியபோது, மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தவை, கோப்பில் மூன்றும் 14.13 என்றே பதிவாகியிருந்தன. கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் இதை ஆராய்ந்து, ஆகஸ்ட்டில் வெளியிட்டார். ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகை இயந்திரங்கள் கோப்பைச் சுருக்கக் கையாண்ட ஜேபிஐஜி2 என்னும் முறையே காரணம். அம்முறை பக்கத்தில் ஒத்த வடிவங்களைத் தேடி, ஒரு வடிவத்தைச் சேமித்து, ஒத்தவை என்று கொண்ட இடங்களிலெல்லாம் அதையே ஒட்டுகிறது. ஒத்தவை என்னும் முடிவு தவறினால் 6 இருந்த இடத்தில் 8 வரும். மங்காமல், சிதையாமல், தெளிவான 8 ஆகவே வரும். மங்கிய எழுத்து ஐயத்தை எழுப்பும், இது எழுப்பாது.

குறைந்த தரத் தேர்வில் எழுத்து மாற்றம் நேரலாம் என்னும் எச்சரிக்கை, இயந்திரத்தின் நிருவாகப் பக்கத்தில் இருக்கவே செய்தது என்று நிறுவனம் முதலில் விளக்கியது. உயர்தரத் தேர்வுகளிலும் அது நேர்வதைக் கிரீசல் காட்டியபின், மென்பொருள் திருத்தம் வெளியிடப்பட்டது. முதல் விளக்கமே பயனர் மைய வடிவமைப்பு மாணவர்க்குப் பாடம். நிருவாகி தம் கணினியில் ஒரு முறை பார்க்கும் பக்கத்தில் எச்சரிக்கை இருந்தது. வருடுபவர் நாளும் நிற்கும் இயந்திரத் திரையில் இல்லை. கோப்பைப் பெற்றுப் படிப்பவர் அதை அறியவே வழியில்லை. எச்சரிக்கை எழுதப்பட்டதா என்பதைவிட, அதை யார் எப்போது பார்ப்பார் என்பதே வினா.

வடிவ ஒப்பீடு எந்த மொழிக்குமுரிய அறிவையும் பெற்றதன்று. எடு, ஏடு ஆகியவற்றின் வேறுபாடு முதலெழுத்தின் காலில் ஒரு சிறு கோடு. கி, கீ ஆகியவற்றின் வேறுபாடு கொக்கியின் நுனியில் ஒரு சுழி. ழ, மு ஆகியவை சிறிய அச்சில் நெருங்கி நிற்பவை. பத்திரங்களில் புல எண்ணும் பரப்பளவும், ஆய்வு நகல்களில் பாடல் எண்ணும் பக்க எண்ணும் இலக்கங்களே. எனவே பத்திரமாயினும் பதிப்பாயினும், சான்றாகப் பயன்படவுள்ள வருடலுக்கு இழப்புள்ள வடிவச் சுருக்கம் விலக்கப்பட வேண்டும். அதற்கான தேர்வு இயக்குநரின் முதல் திரையிலேயே இருத்தல் நலம்.

நூலைப் பிரிக்கும் கண்ணாடி

தட்டைக் கண்ணாடி தனித்தாளுக்காக அமைந்தது. நூலை அதன்மீது கவிழ்த்து 180 பாகை விரித்து அழுத்தும்போது முதுகு முறிகிறது. தையல் ஓரத்து எழுத்துகள் நிழலில் மறைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வந்த அமிலத்தாள் நூல்களுக்கு ஒரு நகல் ஒரு காயம். 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பை நுண்படமாக்கும் பணியோடு தொடங்கியதற்கும் இந்த நொய்மையே காரணம்: ஒரு முறை கவனமாகப் படமெடுத்தால் மூலத்தை மீண்டும் மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. மேலிருந்து படமெடுக்கும் கருவிகளும், நூலைப் பாதி மட்டும் திறந்து தாங்கும் தொட்டில்களும் இதன் தொடர்ச்சி. இங்குப் பயனர் பட்டியலில் நூலையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் வழியாக வழங்கும் படங்கள் பல்லாயிரம் புதிய நகல்களைத் தேவையற்றவையாக்கியுள்ளன. அதனாலேயே அப்படங்களின் வருடல் அளவும் சுருக்க முறையும் ஒவ்வொரு நூலுடனும் பதிவாக வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டைக் குறிப்பிடும் ஆய்வாளர், தாம் கண்டது எந்த அளவில் வருடிய படம் என்பதையும் குறிப்பிட இயல வேண்டும்.

பார்வையற்றோர் நிலை தனியே கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு வருடல் என்பது நகலுக்கான வழியன்று, வாசிப்புக்கான வழி. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அணுகத்தக்க வடிவங்களில் நூல்களை மாற்ற இசைவளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய இயந்திரத்தின் மேடான பொத்தான்களை விரலால் அறிய முடிந்தது. வழவழப்பான தொடுதிரை அந்த வாய்ப்பைப் பறித்துக்கொண்டது. முன்னேற்றம் என்று பெயரிடப்படும் மாற்றங்களுள் இத்தகையனவும் உண்டு.

சோதனைக்கான மூன்று வேலைகள்

தமிழகத்தில் நூலகமோ கல்லூரியோ புதிய இயந்திரம் வாங்கும்போது, நிமிடத்துக்கு எத்தனைத் தாள், விலை எவ்வளவு என்பவற்றையே ஒப்பந்தப்புள்ளிகளில் முதன்மையாக நோக்குவது வழக்கம். வாங்குமுன் அரைநாள் சோதனை செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சச்மன் செய்ததுபோல, அவ்வியந்திரத்தை முன்பு கண்டிராத இருவரை ஒன்றாக நிறுத்தி மூன்று வேலைகளைக் கொடுக்கலாம். முதலாவது, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட அச்சு நூலில், மஞ்சளித்த ஒரு செய்யுட்பக்கத்தை வருடுவது. மூலத்திலும் கோப்பிலும் உள்ள மெய்ப்புள்ளிகளை எண்ணி ஒப்பிட வேண்டும். பழைய ணா, றா, னா, லை வடிவங்கள் சிதையாமல் வந்தனவா என்பதையும் அதே பக்கத்தில் காணலாம். இரண்டாவது, புல எண்களும் பரப்பளவுகளும் நிறைந்த லீகல் அளவுப் பத்திரத்தை, ஓரம் வெட்டுப்படாமல் கோப்பாக்குவது. எண் ஒவ்வொன்றையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, கட்டிய நூலின் இருபது பக்கங்களை இருபுறமும் நகலெடுப்பது. எந்த இடத்தில் இருவரும் நின்று யோசித்தனர், எதை ஒருவர் மற்றவரிடம் கேட்டனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு நிறுத்தும் இருவருள் ஒருவர் ஆய்வு மாணவராகவும் மற்றொருவர் நகலக இயக்குநராகவும் இருத்தல் வேண்டும். மாணவருக்குப் புள்ளியின் மதிப்புத் தெரியும். இயக்குநருக்கு அதைக் காக்கும் தேர்வு எந்த அடுக்கில் ஒளிந்திருக்கும் என்பது தெரியும். குறிப்பெடுப்பவர் அவர்களுக்கு உதவ முற்படாமல் சற்றுத் தள்ளி அமர்வது நல்லது.